சொல்லாமல் வருகிறவர்களுக்கு எந்த வரிசை?

எங்கள் கிளினிக் ஷட்டரின் பூட்டு வளையத்தில் காலை ஏழு மணிக்கே ஒரு நோட்டு செருகியிருக்கும். நாங்கள் வைத்ததில்லை. யார் முதலில் வந்தாரோ அவர் டீக்கடையில் பேனா வாங்கித் தன் பேரை எழுதி, ‘1’ என்று வட்டம் போட்டுவிட்டுப் போயிருப்பார். அடுத்தடுத்து வருகிறவர்கள் கீழே எழுதிக்கொண்டே போவார்கள். ஒன்பதரைக்கு நான் பூட்டைத் திறக்கும்போது இருபது பேர் சேர்ந்திருக்கும். எழுதியவர்களில் பாதிப் பேர் அங்கே இருக்க மாட்டார்கள். ஒருவர் மார்க்கெட்டில், ஒருவர் பாடலீஸ்வரர் கோயிலில், ஒருவர் வீட்டுக்கே போய்க் குளித்துக்கொண்டிருப்பார். அவர்களுக்குப் பதிலாகச் செருப்பு வரிசையில் நிற்கும்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு டாக்டர்கள் பார்க்கும் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸ் படிப்பெல்லாம் படித்ததில்லை. ஆனாலும் வருகிறவர்களுக்கு நான் ‘சிஸ்டர்’தான். இந்தப் பக்கம் புதிதாக கிளினிக் திறக்கிறவர்கள், எங்கள் டாக்டரம்மாவின் புதுச்சேரி டாக்டர் தோழிகள் உட்பட, கேட்கிற கேள்வி ஒன்றுதான். அப்பாயின்ட்மென்ட் வாங்காமல் வந்து நிற்கிறவர்களை என்ன செய்வது? நாங்கள் நாலு விதமாகச் செய்து பார்த்துவிட்டோம். எதில் எது கெட்டது, எது யாருக்கு ஒத்துவரும் என்பதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால், யார் சொல்லாமல் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு பஸ் கிடைத்த நேரம்தான் நேரம். சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்தவர் வீட்டுக்குப் போகிற வழியில் இறங்குவார். தேவனாம்பட்டினம், தாழங்குடா பெண்கள் போட் கரைக்கு வந்து, மீனை விற்று முடித்த பிறகுதான் வருவார்கள். கடல் எத்தனை மணிக்கு விடும் என்று முதல் நாளே போனில் எப்படிச் சொல்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அதே வீட்டு ஆண்கள் வருவார்கள், வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட முட்டிவலியும் முதுகுவலியுமாக. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சல். காய்ச்சல் யாரிடமும் நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. ஆகவே எங்கள் ஊரில் சொல்லாமல் வருகிறவர்தான் பெரும்பான்மை. இதை ஒத்துக்கொள்ளாத ஏற்பாடு எதுவும் இங்கே இரண்டு மாதம் தாண்டாது.

வந்த வரிசைப்படி டோக்கன்

முதல் ஆறு வருஷம் இதுதான். பித்தளை டோக்கன், நூலில் கோத்தது. இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். போன் வேண்டாம். ஆள் பார்த்து விட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கும் மண்டையிடி கிடையாது, நம்பரைக் கூப்பிட்டால் போதும்.

கெடுதல் மெதுவாகத்தான் தெரிந்தது. 1-ஆம் நம்பர் யாருக்குக் கிடைக்கிறது என்று ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு நடந்து வந்து பேர் எழுதத் தெம்பு இருக்கிறவருக்கு, அல்லது பையனை சைக்கிளில் அனுப்ப முடிந்தவருக்கு. ராத்திரியெல்லாம் வாந்தியெடுத்துவிட்டு விடிந்ததும் கண்ணசந்தவர் பத்தரைக்குத்தான் வருவார், 28-ஆம் நம்பரோடு. வந்த வரிசை என்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் அதில் உடம்பு நன்றாக இருக்கிறவர் முன்னால், முடியாதவர் பின்னால்.

நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவர், 31-ஆம் நம்பர். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டு நனைந்து, பிழிந்து, மறுபடி துடைத்தார். “என்னண்ணே பண்ணுது?” என்றதற்கு, “ஒண்ணுமில்ல சிஸ்டர், காஸுதான். நம்பர் வரட்டும்” என்றார். அப்போது 14 ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்ப நோட்டில் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் பேரனோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவிதான் கத்தினாள்: “ஏ பாப்பா, இந்த ஆளு மூஞ்சிய பாருடி, வெளுத்துப் போச்சு!” உள்ளே கொண்டுபோய் ஈசிஜி எடுத்ததும் டாக்டரம்மா வேறு எதுவும் பேசவில்லை, 108-க்குப் போன் போடச் சொன்னார். மஞ்சக்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார். அதில் என் டோக்கனுக்கு எந்தப் பங்கும் இல்லை. அன்றைக்கு வரிசை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அதுதான் தப்பு.

அப்பாயின்ட்மென்ட் இருந்தால் மட்டும்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் எதிர்ப்பக்கம் ஓடினோம். போனில் நேரம் வாங்காதவரைப் பார்ப்பதில்லை என்று போர்டு. இரண்டு மாதம் தாங்கவில்லை.

பல், கண் பரிசோதனை, ஸ்கேன், பிசியோதெரபி இவற்றுக்கெல்லாம் இது பொருத்தம். வேர் சிகிச்சைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று டாக்டருக்குத் தெரியும், இன்று இல்லாவிட்டால் நாளை மறுநாள் என்றாலும் பெரிதாகக் கெடாது. புதுச்சேரியில் அப்படி நடத்துகிற இடங்கள் உண்டு, நன்றாகவே நடக்கின்றன. காய்ச்சல், பேதி, சுகர், பிரஷர் பார்க்கிற பொது கிளினிக்குக்கு இது ஒட்டாது. பத்து மணிக்கு நேரம் வாங்கியவர் பதினொன்றேகாலுக்கு வருவார், பஸ் கிடைக்கவில்லை. அதுவரை டாக்டர் பேனாவை உருட்டிக்கொண்டிருப்பார். வெளியே நேரம் வாங்காத ஐந்து பேர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஐந்து பேரின் பார்வையை எதிர்கொள்கிறவள் நான்.

சட்டமும் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு உடனே வைத்தியம் செய்வது அரசு, தனியார் என்று பாராமல் எல்லா மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல், பர்மானந்த் கட்டாரா வழக்கில், சொல்லிவிட்டது. ‘அப்பாயின்ட்மென்ட் இல்லை’ என்பது அங்கே பதிலாகாது. எது ஆபத்து என்பதை வாசலிலேயே யாராவது பார்த்துச் சொல்ல வேண்டுமே, போர்டா சொல்லும்?

இன்னொரு விஷயம் கணக்கு. டாக்டரம்மாவின் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவன்தான் போட்டுக் காட்டினான். டென்மார்க்கில் எர்லாங் என்பவர் 1909-இல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக ஆரம்பித்து வைத்த கணக்கின் வழி வந்தது. ஒரு நோயாளிக்குச் சராசரி 6 நிமிஷம் என்றால் டாக்டர் மணிக்கு 10 பேரைப் பார்க்கலாம். ஆட்கள் தங்கள் இஷ்டத்துக்கு வருகிறார்கள், ஒருவருக்கு 2 நிமிஷம், ஒருவருக்கு 15 என்று நேரமும் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 8 பேர் வரும்போது சராசரிக் காத்திருப்பு 24 நிமிஷம். 9 பேர் வந்தால் 54. ஒன்பதரை பேர், அதாவது இரண்டு மணி நேரத்துக்கு 19 பேர் என்றால், 114 நிமிஷம். நாள் பூராவும் அப்படியே ஓடினால் வருகிற கணக்கு இது. நாலு மணி நேர ஓபியில் அவ்வளவு மோசமாவதற்குள் ஷட்டரை இறக்கிவிடுவோம். ஆனால் போக்கு அதுதான். எட்டுக்கு மேல் ஒரே ஒரு ஆளைச் சேர்த்தால் எல்லோர் காத்திருப்பும் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அப்பாயின்ட்மென்ட் நோட்டை முழுக்க நிரப்பி வைப்பது சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன், ஒரு குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால் அன்றைய நாள் மொத்தமும் சரிந்துவிடும்.

இரண்டு வரிசை

அடுத்து வந்த யோசனை எல்லோருக்கும் வருவதுதான். போனில் சொன்னவர்களுக்கு ஒரு வரிசை, நேரில் வந்தவர்களுக்கு ஒரு வரிசை. சொன்னவர் இரண்டு பேர் போனால் வந்தவர் ஒருவர். தாளில் அழகாக இருக்கும். நடைமுறையில் இதைவிடச் சண்டை பிடித்த ஏற்பாடு வேறில்லை.

காரணம், இரண்டு வரிசையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்பதரையிலிருந்து காத்திருக்கிறவர் கண்முன்னே ஒருவர் பதினொன்றுக்கு பைக்கில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, நேரே உள்ளே போகிறார். அவர் நேற்றே போன் பண்ணியது இவருக்கு எப்படித் தெரியும்? தாழங்குடாவிலிருந்து வரும் ஒரு மீன்காரம்மா என் மேசையைத் தட்டிக் கேட்டார்: “போனு வச்சிருக்கிறவனுக்கு ஒரு வரிசை, கூடை தூக்குறவளுக்கு ஒரு வரிசையா? எம்மா நேரமா உக்காந்திருக்கேன் தெரியுமா?” என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

நீங்கள் இதைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால், காத்திருக்கும் இடத்தையாவது பிரியுங்கள். அதற்கு இடம் இல்லாத கிளினிக்குகள்தான் நம் ஊரில் அதிகம்.

செயலி வழியாக நேரம் வாங்குவதையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறேன். சென்னையில் இருக்கிற மகள் அம்மாவுக்கு வியாழக்கிழமை பத்தரை மணி வாங்குவாள். அம்மா புதன்கிழமையே வந்து நிற்பார், “வியாழன் அமாவாசைம்மா” என்று. மேலே பேச ஒன்றுமில்லை.

மணி எழுதிய டோக்கன்

இப்போது இரண்டு வருஷமாக எங்களிடம் இருப்பது இது. யோசனை ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடையில் கொடுத்த டோக்கனில் தேதியும் நேரமும் போட்டிருந்தார்கள் அல்லவா? அதைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம், “நம்ம ஜனத்துக்கு இது பழக்கம்தானேக்கா” என்றேன்.

டாக்டர் ஒருவருக்கு மணிக்கு 7 டோக்கன். பத்து பேரைப் பார்க்க முடிந்தாலும் ஏழுதான். அந்த ஏழில் 3 போனில் கேட்கிறவர்களுக்கு, 4 நேரில் வருகிறவர்களுக்கு. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று மணிக்கொரு நிற அட்டை. பச்சை என்றால் பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள். நேரில் வந்தவரோ போனில் சொன்னவரோ, ஒரே நிற அட்டைதான். யார் எப்படி வாங்கினார் என்று பெஞ்சில் இருக்கிறவருக்குத் தெரியாது. மீன்காரம்மா மேசையைத் தட்டுவதை நிறுத்தியது இதனால்தான். டீ குடித்துவிட்டு, மாத்திரைக் கடை வேலையை முடித்துவிட்டு வருகிறார். பஸ் தாமதமாகி நிறம் தாண்டிவிட்டால் கடைசிக்குத் தள்ளுவதில்லை, ஓடிக்கொண்டிருக்கிற நிறத்தின் முடிவில் சேர்ப்போம்.

மீதி மூன்று இடத்தை நிரப்பாமல் வைப்பதில்தான் வீட்டுச் சண்டை வந்தது. “மூணு பேரைத் திருப்பி அனுப்பிட்டு நான் சும்மா உக்காந்திருக்கணுமா?” என்று டாக்டரம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் உண்மையிலேயே சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் கேட்க வருகிறவருக்கு அப்போதே அட்டை கொடுத்துவிடலாம் என்று பிறகு தளர்த்திக்கொண்டோம். திங்கட்கிழமை காலையில் மட்டும் தளர்த்துவதில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் கைசர் மருத்துவமனைகளில் 1990-களில் மார்க் மர்ரே, கேத்தரின் டான்டாவ் என்ற இருவர் இதே போல, அன்றைக்கு வருகிறவருக்கு அன்றைக்கே இடம் என்று, நேரப் பட்டியலில் பெரும்பகுதியைக் காலியாக விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வருகிற கூட்டம் டாக்டரின் கைக்கு அடங்கியதாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்பது பேர் வரும் இடத்தில் அறுபது பேரைத்தான் பார்க்க முடியும் என்றால், எந்த அட்டையும் அந்த இருபது பேரை மறைய வைக்காது.

காலை முதல் அட்டையில் மட்டும் ஒரு மாற்றம். திறந்ததும் இரண்டு பேரைத் தயாராக வைத்துக்கொள்வோம், பிறகு ஒவ்வொருவராக. முதல் ஆள் வராவிட்டாலும் டாக்டர் காத்திருக்க வேண்டாம். பிரிட்டனில் வெல்ச், பெய்லி என்ற இருவர் 1952-லேயே இதைக் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள் என்று பையன் சொன்னான். நான் இட்லிக்கடையில் பார்த்துக் கற்றுக்கொண்டேன், ஒரு ஈடு எப்போதும் தயாராக இருக்கும்.

ரிப்போர்ட் காட்ட வருகிறவர்கள் தனிக் கூட்டம். “ஒரே நிமிஷம் சிஸ்டர், காட்டிட்டு வந்துடறேன்.” கடிகாரம் வைத்துப் பார்த்தேன், அந்த ஒரு நிமிஷம் ஏழு நிமிஷத்துக்குக் குறைந்ததில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் மாத்திரையை மாற்றுவார், அவர் பழைய மாத்திரையைப் பையிலிருந்து எடுப்பார், அப்படியே வீட்டுக்காரியின் தலைசுற்றலையும் கேட்பார். இவர்களுக்குப் பன்னிரண்டரைக்கு மேல் அரைமணி. மருந்துக் கம்பெனி ரெப்களுக்கு ஒன்றரைக்குப் பிறகு.

வரிசையை யார் உடைக்கலாம்

மேலே சொன்ன நாலில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் தினம் நாலைந்து முறை வரிசை உடையும். எழுதி வைக்காவிட்டால் அதை உடைக்கிறவர் குரல் பெரியவராக இருப்பார்: வீட்டு ஓனர், கவுன்சிலரின் ஆள், டாக்டருக்கு ஒன்றுவிட்ட மாமா. எழுதி வைத்தால் உடம்பு முடியாதவர். யாரை உடனே உள்ளே விட வேண்டும் என்ற அட்டையை டாக்டரம்மா தன் கையெழுத்தில் எழுதி, என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

நெஞ்சுவலி, நெஞ்சடைப்பு, காரணமில்லாத வியர்வை, ‘காஸ்’ என்று சொன்னாலும் சரி. வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கைகால் விளங்காமை. வலிப்பு. கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு. காய்ச்சலோடு வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து கிடப்பது. மழைக்காலத்தில் டெங்குவை நினைத்துத்தான் இது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 94-க்குக் கீழே காட்டினால். குழந்தையென்றால் சட்டையைத் தூக்கி, முழுசாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்டதற்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நேரே உள்ளே. உலக சுகாதார நிறுவனம் கிராமத்துப் பணியாளர்களுக்கு வைத்திருக்கும் அளவு அது, எனக்கும் போதும். பாம்புக்கடிக்கு எங்களிடம் வரிசையே கிடையாது, அதே ஆட்டோவில் மஞ்சக்குப்பம்.

எண்ணுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். குழந்தை அழுதால் எண்ண முடியாது. தாயின் மடியிலேயே, தூங்கும்போதோ பால் குடித்து முடித்த பிறகோ, வயிறு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். முதல் வாரம் பாதியில் எண்ணிக்கை தப்பித் தப்பித் திரும்ப ஆரம்பித்தேன். இப்போது பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்தே கண் அங்கேதான் போகிறது.

அட்டை வந்த பிறகு ஓனரிடமும் பேச முடிகிறது. “உங்களுக்கு இதுல எது சார் பண்ணுது?” என்று கண்ணாடியைக் காட்டுவேன். சிலர் சிரித்துவிட்டு உட்காருவார்கள். சிலர் டாக்டருக்கு நேரே போன் போடுவார்கள். டாக்டர் அப்போது போனை எடுக்காமல் இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் கஷ்டமான பகுதி அதுதான், அதை நான் செய்து கொடுக்க முடியாது.

யாருக்கு எது என்று கேட்டால்: ஒரே டாக்டர், நாளைக்கு முப்பது பேருக்குள் என்றால் சாதா டோக்கனே போதும், யாரை உடனே உள்ளே விடுவது என்ற அட்டையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோல், பல், கண் டாக்டர்கள் அப்பாயின்ட்மென்ட் வைத்து, கடைசி அரைமணியைத் திறந்து விடலாம். குழந்தை டாக்டர்கள் ஐப்பசி முதல் மார்கழி வரை அப்பாயின்ட்மென்டை மறந்துவிட வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் தனி நேரம், காய்ச்சல் குழந்தைகளோடு ஊசிக்கு வந்த குழந்தையை உட்காரவைக்காமல். நூறு பேருக்கு மேல் வந்தால் முன்னறையில் ஒரு டியூட்டி டாக்டரோ பயிற்சி பெற்ற நர்ஸோ வேண்டும், என் மாதிரி ஆள் போதாது. எங்கள் அளவுக்கு, இரண்டு டாக்டர், அறுபது எழுபது பேர், மணி எழுதிய டோக்கனைத்தான் சொல்வேன். ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் வந்த நேரம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எதற்கு வந்தார் என்று எழுதுங்கள். மணிக்கு ஏழா எட்டா என்பது அந்த நோட்டில்தான் இருக்கும், என்னிடம் இல்லை.

ஷட்டரில் அந்தப் பழைய நோட்டு இன்னும் செருகியிருக்கிறது. அட்டை ஒன்பதரைக்குத்தான் என்று எத்தனை முறை சொன்னாலும் எழுதிவிட்டுத்தான் போகிறார்கள். போன திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாவதாக ஒரு பெண் பேர், பக்கத்தில் வேறு ஒரு கையெழுத்தில் ‘குழந்தை மூச்சு வாங்குது’. அங்கிருந்து ஒரு அம்புக்குறி, எட்டுப் பேரையும் தாண்டி, மேலே ஒன்றாம் நம்பருக்குப் போயிருந்தது.